இரண்டாவது அடி

மிருதுளாவின் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் முழுதாக மடங்கவில்லை. ஞானஜோதி அதை முதல் நாளே, கையை அளக்கும்போதே பார்த்துவிட்டாள்.

கோவிலம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருந்தது அந்தக் கோல்ஃப் பயிற்சிக் கூடம். மைதானம் என்று சொல்ல முடியாது. மூன்று பக்கமும் உயரமாக வலை கட்டிய நீளமான புல்தரை, ஒரு முனையில் தகரக் கூரை, கூரைக்குக் கீழே பத்துப் பேர் வரிசையாக நின்று பந்தடிக்கப் பச்சைப் பாய்கள். அவ்வளவுதான். ஞானஜோதி அங்கே சொல்லிக்கொடுப்பவள். பந்தடிக்கும் மட்டைகளான கிளப்புகளுக்குத் தேய்ந்துபோன ரப்பர்க் கைப்பிடியை எடுத்துவிட்டுப் புது கிரிப் மாட்டித் தருவதும் அவள்தான். வயது முப்பத்தொன்று. கல்லூரியில் ஹாக்கி ஆடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டு, இங்கே வரவேற்பு மேசைக்கு வேலைக்கு வந்தவள். கிரிப் மாற்றுவதை வீடியோ பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டாள். முதல் இருபது கிரிப்புகளைக் கோணலாக மாட்டி வீணாக்கியிருக்கிறாள்.

“கையை நல்லா விரிங்க மேடம்” என்றாள். மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளவுகோலை வைத்தாள். “சின்னக் கை உங்களுக்கு. மெல்லிசான கிரிப்தான் சரியா வரும். தடியா இருந்தா மணிக்கட்டு திரும்பாது, பந்து வலது பக்கம் ஓடிடும்.”

மிருதுளா தலையசைத்தாள். முப்பத்தாறு வயதிருக்கும். கையை விரிக்கச் சொன்னதும் விரித்தாள். மூடச் சொன்னதும் மூடினாள். மூன்று விரல்கள் மூடின. மற்ற இரண்டும் பாதியில் நின்றன.

“இது எப்படி மேடம்?”

“கார் கதவுல மாட்டிக்கிச்சு.”

“கவனமே கிடையாது அவளுக்கு” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த அவள் கணவன் ஷ்யாம்சுந்தர், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்.

ஷ்யாம்சுந்தரை அங்கே எல்லோருக்கும் தெரியும். முடிச்சூர்ப் பக்கம் மனை விற்பவன். எட்டு மாதமாக வருகிறான். கிளப்பை அவன் பிடிக்கிற பிடி, யாரோ ஒருவரின் குரல்வளையைப் பிடிப்பதுபோல இருக்கும். முழங்கைவரை நரம்பு புடைத்து நிற்கும். “சார், தளர்த்துங்க” என்று ஞானஜோதி எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். பந்து கோணலாகப் போகும்போதெல்லாம் அவன் இன்னும் இறுக்கினான். தை மாதத்தில் ஒரு நாள், தொடர்ந்து ஆறு பந்து வலையில் விழுந்ததும், செவன் அயர்ன் என்ற இரும்புத்தலை கிளப்பைத் தூணில் ஓங்கி அடித்தான். தண்டு முறிந்து, கிளப்பின் தலை சுழன்று போய், பந்து பொறுக்கிக்கொண்டிருந்த குப்பன் அண்ணனின் காது மடலைக் கிழித்தது. நான்கு தையல். “மருந்து போட்டுக்கோப்பா” என்று சொல்லிவிட்டு ஷ்யாம்சுந்தர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கூடத்தின் முதலாளி ஜெபசீலன், “அவர் நாலு பேரைக் கூட்டிட்டு வர்ற ஆளு, விடுங்க” என்றார். குப்பனும் விட்டுவிட்டார்.

இப்போது அவன் மனைவியைக் கூட்டிவந்ததற்கும் காரணம் இருந்தது. ஒரு கட்டுமானக் கம்பெனிக்காரர் தம்பதிகளுக்கென்று ஒரு போட்டி வைக்கிறார். அதில் கலந்துகொண்டால் பெரிய ஆட்களின் பழக்கம் கிடைக்கும். “ஆறு வாரம் இருக்கு. அசிங்கப்படாம ஆடணும், அது போதும்” என்று ஞானஜோதியிடம் சொல்லியிருந்தான்.

முதல் வகுப்பில் அவள் பிடியிலிருந்து தொடங்கினாள். இடது கைதான் மேலே. கிளப் உள்ளங்கையில் படுக்கக் கூடாது. விரல்களின் அடியில் குறுக்காகப் படுக்க வேண்டும். கட்டை விரல் தண்டின்மேல் கொஞ்சம் வலப்புறமாக. பிறகு வலது கை அதன்மேல் வந்து மூட வேண்டும். “எவ்வளவு அழுத்தணும்னா, பூனை குட்டியைக் கவ்விக்கிட்டுப் போகும் பாருங்க. பல்லு படும், குட்டிக்கு வலிக்காது. கீழயும் விழாது. அந்த அளவுதான். இடது கையில கடைசி மூணு விரல்தான் கிளப்பைத் தாங்கும்.”

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. தாங்க வேண்டிய மூன்றில் இரண்டு இவளுக்கு மூடாது.

மிருதுளா ஓங்கினாள். கிளப் கையிலேயே சுழன்று, பந்து பாயை விட்டு நாலடி உருண்டது. இரண்டாவது முறை கிளப் கையை விட்டே போய்ப் பாயில் விழுந்தது. பக்கத்துப் பாயில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

ஷ்யாம்சுந்தர் எழுந்து வந்தான். கிளப்பை எடுத்து மனைவியின் கையில் திணித்தான். அவள் இடது கையைத் தன் கைக்குள் வாங்கி, மடங்காத அந்த இரண்டு விரல்களையும் கிரிப்பைச் சுற்றி அமுக்கினான். முதலில் மெதுவாக. பிறகு பலத்தோடு. மிருதுளாவின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. விரல் முட்டி ஒன்று சொடுக்கியதுபோல ஒரு சின்ன ஓசை கேட்டது.

“சார், விடுங்க!”

“மடங்குது பாருங்க” என்றான் அவன், சிரித்துக்கொண்டே. “எல்லாம் சோம்பேறித்தனம்.”

விட்டபோது விரல்களின் நுனி வெள்ளையாக இருந்தது. மிருதுளா கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். அழவில்லை. அழாமல் இருப்பதற்குப் பழகிய முகம் அது என்று ஞானஜோதிக்குத் தோன்றியது. பந்துக் கூடையை அவர்கள் இருவருக்கும் நடுவே நகர்த்தி வைத்தாள்.

அடுத்த வாரம் அவன் ஒரு வாடிக்கையாளருடன் பேசிக்கொண்டே வெயிலில் நடந்துகொண்டிருந்தபோது, ஞானஜோதி மிருதுளாவைப் பின்னால் இருந்த பட்டறை அறைக்குக் கூட்டிப்போனாள். கிளப்பை மேசை இடுக்கியான வைஸில் இறுக்கி, கொக்கிக் கத்தியால் பழைய கிரிப்பை நீளவாக்கில் கீறி உரித்தாள். இருபுறமும் ஒட்டுகிற டேப்பைச் சுற்றினாள். பெட்டியிலிருந்து அவள் எடுத்த கிரிப், அங்கே இருந்ததிலேயே தடியானது. பெரிய கைக்காரர்களும் மூட்டுவலி உள்ள வயதானவர்களும் கேட்கிற ஜம்போ அளவு. பஞ்சுபோல மெத்தென்று இருக்கும்.

“சின்னக் கைக்கு மெல்லிசுன்னு சொன்னீங்களே?”

“கைக்குச் சொன்னேன். விரலுக்கு இது. இதை இறுக்க வேணாம் மேடம், அந்த ரெண்டு விரலும் பாதி மடங்கினாலே இதுமேல உட்கார்ந்துக்கும். வலது பக்கம் ஓடும்தான். அதுக்கு நிற்கிற நிலையை மாத்திக்கலாம்.”

கிரிப்பின் அடி ஓட்டையைக் கட்டை விரலால் அடைத்து, உள்ளே பெயிண்ட் தின்னரை ஊற்றிக் குலுக்கி, டேப்பின்மேல் வழியவிட்டு, ஒரே மூச்சில் கிரிப்பைத் தள்ளி ஏற்றினாள். காய்வதற்குள் நேராகத் திருப்பிவைக்கச் சில நொடிகள்தான் இருக்கும். அந்த வேலையில் அவள் குனிந்திருந்தபோது மிருதுளா சொன்னாள்:

“கதவு தானா மூடல.”

ஞானஜோதி நிமிரவில்லை.

“ஒரு குடும்பம் மனை பார்க்க வந்திருந்தாங்க. கைக்குழந்தையோட. இங்க தண்ணி நிக்குமான்னு அந்தப் பொண்ணு என்னைக் கேட்டா. ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வெள்ளத்துல இந்த இடத்துல கழுத்தளவு நின்னுச்சுன்னு சொல்லிட்டேன். அவங்க வாங்காம போயிட்டாங்க. கார்ல ஏறப் போனேன். கையை அங்க வைன்னார். எங்கன்னு கேட்டேன். கதவு இடுக்கைக் காட்டினார். வச்சேன்.” அவள் கொஞ்சம் நிறுத்தினாள். “நானேதான் வச்சேன் ஜோதி. வைக்கலேன்னா வேற என்ன செய்வார்னு தெரியும்.”

வெளியே தாழப் பறந்த விமானத்தின் இரைச்சலில் தகரக் கூரை அதிர்ந்தது.

“டாக்டர்கிட்ட?”

“பதினோரு நாள் கழிச்சுத்தான் கூட்டிட்டுப் போனார். எலும்பு கோணலா கூடிடுச்சுன்னாங்க. எக்ஸ்ரே என் தங்கச்சி வீட்ல இருக்கு, குரோம்பேட்டைல.”

“போலீசுக்குப் போலாம், அக்கா. நான் வரேன்.”

மேடம், அக்காவானதை மிருதுளா கவனித்தாள் போலிருக்கிறது. ஒரு நிமிடம் அவளையே பார்த்தாள். “போட்டி முடியட்டும்” என்றாள்.

அந்த கிரிப் அவளுக்குப் பொருந்தியது. மூன்றாவது வாரத்தில் கிளப் கையில் சுழல்வது நின்றது. நான்காவது வாரம், ஒரு சனிக்கிழமைக் காலையில், அவள் அடித்த பந்து நேராக எழும்பி நூறு கஜப் பலகையைத் தாண்டிப் போய் விழுந்தது. பந்து பொறுக்கிக்கொண்டிருந்த குப்பன் வலைக்குப் பின்னாலிருந்து கையை உயர்த்தி, “இன்னா அடி மேடம் அது! சூப்பரா கீது!” என்று கத்தினார். மிருதுளா சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்க, பல்லெல்லாம் தெரிய.

நாற்காலியில் இருந்த ஷ்யாம்சுந்தர் அந்தச் சத்தத்துக்குத் தலை நிமிர்ந்தான்.

எழுந்து வந்து கிளப்பை வாங்கினான். அடித்துப் பார்க்கப் போகிறான் என்றுதான் ஞானஜோதி நினைத்தாள். அவன் கிரிப்பைக் கையில் வைத்து அமுக்கிப் பார்த்தான்.

“இவ கைக்கு எதுக்கு இவ்வளவு தடி?”

“விரல் மூடல சார். எலும்பு சரியா கூடல. அதனாலதான்.”

“எலும்பு கூடலேன்னு உங்களுக்கு யார் சொன்னது?”

ஞானஜோதிக்கு உடனே பதில் வரவில்லை. தொட்டாலே தெரியும் சார் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது. அவன் மனைவியின் பக்கம் திரும்பினான்.

“என்ன சொன்ன இவகிட்ட?”

“ஒண்ணும் சொல்ல—”

கிளப்பின் தண்டு அவள் தொடையில் விழுந்தது. காற்றைக் கிழிக்கும் ஓசைதான் முதலில் கேட்டது. மிருதுளா ஒருக்களித்துச் சரிந்தாள். இரண்டாவது அடி இடுப்பில். மூன்றாவது, தடுக்க அவள் தூக்கிய முன்கையில் பட்டது. பக்கத்துப் பாய்களில் நின்ற இருவரும் பின்வாங்கினார்களே தவிர, யாரும் கிட்டே வரவில்லை. “சார்! சார்!” என்று ஜெபசீலன் அலுவலக வாசலிலிருந்து கத்தினார், வாசலை விட்டு இறங்கவில்லை.

ஞானஜோதி நடுவில் போய் நின்றாள். அவன் மார்பில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். அவன் ஓரடி பின்னால் போனான். அந்த ஓரடி அவனுக்கு வீசுவதற்கு இடம் கொடுத்தது. கிளப்பின் இரும்புத் தலை அவள் இடது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இறங்கியது. எலும்பு முறிந்தது காதுக்குக் கேட்கவில்லை, உடம்புக்குள் கேட்டது. இடது கை, தன்னுடையது இல்லை என்பதுபோலத் தொங்கியது. வாந்தி வந்தது.

“டேய்!” வலையைத் தள்ளிக்கொண்டு குப்பன் ஓடிவந்தார். பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்தார். ஐம்பத்தெட்டு வயது மனிதர். “வுட்றா! பொம்பளைங்கள அடிக்கிற, நீயெல்லாம் ஒரு மன்சனா!” ஷ்யாம்சுந்தர் முழங்கையைப் பின்னால் இடித்தான். ஒரு முறை. மறு முறை. குப்பனின் வாயிலிருந்து ரத்தம் அவன் வெள்ளைச் சட்டை முதுகில் தெறித்தது. அவர் பிடி நழுவிக் கீழே உட்கார்ந்தார். உள்ளங்கையில் இரண்டு பற்களைத் துப்பினார்.

அவன் மறுபடி மனைவி பக்கம் போனான். அவள் பாயில் கிடந்தபடி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தாள். அவன் இப்போது இரண்டு கையாலும் கிரிப்பைப் பிடித்துத் தலைக்குமேல் ஓங்கினான். இரும்பு முனை கீழே வரப்போகிற இடம் அவள் தலை.

ஞானஜோதியின் வலது கைக்கு எட்டியது தூணில் சாய்த்திருந்த ஒரு கிளப். எடுத்தாள். ஒற்றைக் கையால், ஹாக்கி மட்டையை வீசுகிறபடி தாழ வீசினாள். அது அவன் முழங்காலின் பக்கவாட்டில் விழுந்தது. கால் உள்ளே மடங்கியது. அவன் ஊளையிட்டுக்கொண்டு முகம் குப்புற விழுந்தான். கையிலிருந்த கிளப் பறந்துபோய்ப் புல்தரையில் விழுந்தது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

எழுந்திருப்பதற்காக அவன் வலது கையைப் பாயில் ஊன்றினான். விரல்கள் விரிந்திருந்தன. வெறும் கை. பருமனான, மோதிரம் போட்ட, முடி அடர்ந்த கை. அந்தக் கைதான் முதல் வாரம் மிருதுளாவின் விரல்களை அமுக்கியது, அதற்கு முன்பு காரின் கதவைச் சாத்தியது. ஞானஜோதி அதைப் பார்த்தாள். யோசிப்பதற்கு அவளுக்கு நேரம் இருந்தது. அதைத்தான் பின்னால் அவளால் மறக்க முடியாமல் போனது. கிளப்பை உயர்த்தினாள். எவ்வளவு உயரம் வேண்டும் என்றுகூட அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. அடித்தாள்.

மூன்று விரல்கள் நொறுங்கின. அவன் போட்ட அலறலில் கல்யாண மண்டபத்துச் சமையல்காரர்கள் மதில்மேல் ஏறிப் பார்த்தார்கள்.

இன்னொன்றுக்குக் கை தானாக உயர்ந்தது. “போதும் ஜோதி” என்று மிருதுளா சொன்னாள். கத்தவில்லை. ஞானஜோதியின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஞானஜோதி கிளப்பைக் கீழே போட்டாள்.

மருத்துவமனையில் அவள் தோளில் தகடு வைத்தார்கள். குப்பனுக்கு உதட்டில் தையல், கீழ்த்தாடையில் கட்டு. மிருதுளாவுக்கு முன்கையில் விரிசல். ஷ்யாம்சுந்தர் வேறொரு மருத்துவமனையில் இருந்தான். அங்கிருந்தே வக்கீல் மூலமாகப் புகார் கொடுத்துவிட்டான். தன்னைப் பயிற்சியாளர் தாக்கிக் கையை முடமாக்கிவிட்டதாக.

இரண்டாம் நாள் ஜெபசீலன் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

“ஒரே வீச்சுதான், முட்டியிலயும் விரல்லயும் பட்டுச்சுன்னு சொல்லும்மா. அவன் கிளப்பைப் பிடிச்சுக்கிட்டு இருந்தான்னு சொல்லு. கேமரா அந்த மூலையைச் சரியா பிடிக்கல.”

“பிடிச்சிருக்கா, இல்லையா சார்?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். “பிடிச்சிருக்கு. ஆனா ஒரு வாரத்துல தானா அழிஞ்சுடும்.”

“அழியவிடாதீங்க. அவன் அக்காவை அடிச்சதும் அதுலதான் இருக்கு.”

வாக்குமூலம் வாங்க வந்த பெண் உதவி ஆய்வாளரிடம் ஞானஜோதி நடந்ததை நடந்தபடி சொன்னாள். முதல் அடி அவனை நிறுத்துவதற்கு. இரண்டாவது அப்படி இல்லை. “அவர் கீழ விழுந்துட்டார். கையில ஒண்ணும் இல்ல. பார்த்துட்டுத்தான் அடிச்சேன்.” எழுதிக்கொண்டிருந்த உதவி ஆய்வாளர் பேனாவை நிறுத்தினார்.

“இதை இப்படியே எழுதட்டுமா? யோசிச்சுச் சொல்லுங்க. கோபத்துல என்ன நடந்துச்சுன்னு தெரியலன்னுகூடச் சொல்லலாம்.”

“தெரியும் மேடம். நல்லாத் தெரியும்.”

அப்படியே எழுதினார்கள். மிருதுளா தன் தங்கையிடம் இருந்த எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து கொடுத்தாள். கார்க் கதவின் கதையை முதல்முறையாக ஒரு அரசாங்கக் காகிதத்தின் முன் உட்கார்ந்து சொன்னாள். ஷ்யாம்சுந்தர் மேல் கொலை முயற்சி வழக்கு. இருபத்தாறு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். ஞானஜோதி மேல் கொடுங்காயம் விளைவித்த வழக்கு. அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஜெபசீலன் கேமரா பதிவை மட்டும் அழியவிடாமல் காவல் நிலையத்தில் கொடுத்திருந்தார். அதற்காக அவள் அவருக்கு நன்றி சொன்னாள்.

சேலையூரில் அண்ணன் வீட்டு மாடி அறையில் அவள் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தாள். வலி குறைந்துகொண்டு வந்தது. குறையாதது வேறொன்று. அந்த மூன்று விரல்கள் நொறுங்கியபோது கிளப் வழியாக உள்ளங்கைக்கு ஏறிய அதிர்வு. அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது அதுதான் நினைவுக்கு வந்தது. அண்ணி ஹெப்சியிடம் ஒருநாள் சொன்னாள். “அவன் அதுக்குத் தகுதியானவன்தானே” என்றாள் ஹெப்சி. “அவன் தகுதியைப் பத்தி நான் பேசல அண்ணி” என்றாள் ஞானஜோதி.

ஆடி மாதத்தில் மிருதுளா வந்தாள். குரோம்பேட்டையில் தங்கையோடு இருந்தாள். ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. முகம் சதை போட்டிருந்தது. உட்கார்ந்ததும் தண்ணீர்கூட வாங்காமல் சொன்னாள்:

“அவர் வக்கீல் பேசினார். நான் கேசை வாபஸ் வாங்கினா, உன்மேல இருக்கிறதையும் அவர் வாங்கிப்பாராம். விவாகரத்துக்கும் கையெழுத்துப் போடுவாராம். வாபஸ் வாங்கிடறேன் ஜோதி. நீ எனக்காக ஜெயிலுக்குப் போகக் கூடாது.”

ஞானஜோதி எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றாள். கேம்ப் ரோட்டில் பேருந்துகள் ஒன்றையொன்று முந்தப் பார்த்து ஒலியெழுப்பிக்கொண்டிருந்தன. பயமாக இருந்தது.

“வாபஸ் வாங்கினா அவன் என்ன ஆவான்?”

“ஒண்ணும் ஆக மாட்டார். மனை விப்பார்.”

“வேற கல்யாணம் பண்ணிப்பான்.”

மிருதுளா மடங்காத விரல்களைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

“வாங்காதீங்க அக்கா. முதல் அடி உங்களுக்காக. அதுக்கு எந்தக் கோர்ட்டும் என்னை ஒண்ணும் பண்ணாது. ரெண்டாவது எனக்காக அடிச்சது. அதை உங்க தலையில தூக்கி வைக்க மாட்டேன். அதுக்கு என்ன வருதோ நானே பார்த்துக்கறேன்.”

“எத்தனை வருஷம் போடுவாங்க?”

“வக்கீல் சொல்றதைப் பார்த்தா, உள்ள போடாமலும் விடலாம். நன்னடத்தைன்னு எழுதி வாங்கிக்கிட்டு அனுப்பலாம். தெரியல.”

மிருதுளா வெகுநேரம் அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். கீழேயிருந்து ஹெப்சி காபி எடுத்துக்கொண்டு வந்து, வாசலிலேயே நின்றுவிட்டு, திரும்பிப் போனாள்.

தாம்பரம் நீதிமன்றத்தில் வழக்கு புரட்டாசியில் எடுத்துக்கொள்ளப்பட்டது. இரண்டு வழக்கும் ஒரே நாளில். குப்பன் சாட்சி சொல்ல இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். புதுப் பல்செட்டு இன்னும் பழகாமல் வார்த்தைகள் கொஞ்சம் குழறின. “பயப்படாத கண்ணு, நான் பாத்தத பாத்த மாரியே சொல்றேன்” என்றார்.

“ரெண்டாவதையும் சொல்லுங்கண்ணா.”

“அதையுமா?” என்று கேட்டார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, அதையும்” என்றார்.

தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் ஷ்யாம்சுந்தர் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தான். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. மிருதுளா அவனைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. ஞானஜோதி அவள் பக்கத்தில் நடந்தாள். அவனுக்கு முன்னால் வரும்போது இருவருமே நடையை வேகப்படுத்தவில்லை. உள்ளேயிருந்து நீதிமன்றச் சேவகரான டவாலி முதலில் மிருதுளாவின் பெயரைக் கூப்பிட்டார்.